பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டியும் ராமும் போடுறது எப்படி: கடைக்குப் போறதுக்கு முன்னாடி கேபினட்டத் திறங்க

எங்க சித்தப்பா புதுக்கோட்டைல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு, கூடவே டிடிபி வேலையும் உண்டு, கல்யாணப் பத்திரிகை, ஸ்கூல் கொஸ்டின் பேப்பர், பட்டா மாறுதலுக்கு மனு, இந்த மாதிரி. காலைல ஷட்டரத் தூக்குனதும் மொத வேலையா கம்ப்யூட்டர ஆன் பண்ணிட்டு, வாசல் தெளிச்சு, சாமி படத்துக்குப் பூ வச்சு, எதிர்க்கடைல டீ குடிச்சிட்டு வந்தாக்கூட ஸ்கிரீன்ல அந்தப் புள்ளி வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். "புதுசா ஒண்ணு வாங்கிரலாமாடா"ன்னு கேட்டாரு. வேணாம் சித்தப்பா, ஒரு ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லிட்டுப் போனேன். அங்க செஞ்சத வச்சுத்தான் இத எழுதுறேன், ஏன்னா ஊர்ல பாதி கடையில, பாதி வீட்டுல இருக்குறது அதே மாதிரி மெஷின்தான்: இன்டெல் ஐ5 நாலாவது ஜெனரேஷன், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

இதுவரைக்கும் கேபினட்டத் தொறந்தே பாக்காதவங்களுக்காகத்தான் எழுதுறேன், அதனால தெரிஞ்சவங்களுக்குச் சில எடம் ரொம்ப நீட்டி முழக்குற மாதிரி இருக்கும், பொறுத்துக்குங்க.

மொதல்ல நோய் என்னன்னு பாருங்க

ஸ்லோவா இருக்குன்னா எல்லாரும் டக்குனு சொல்றது "ராம் பத்தல". பல நேரம் அது தப்பு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் டேபுக்குப் போங்க. நீங்க தெனமும் செய்ற வேலைய அப்படியே செஞ்சுகிட்டே அதப் பாக்கணும், சும்மா காலியா இருக்குறப்ப பாத்துட்டு ஒண்ணும் தெரியலையேன்னு சொல்லக்கூடாது. சித்தப்பா மெஷின்ல பேஜ்மேக்கரும் (பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர்), பத்துப் பன்னெண்டு டேபோட குரோமும், வாட்ஸ்அப் வெப்பும் ஓடுச்சு. மெமரி 88 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம், டிஸ்க்கு எறங்கவே இல்ல, ஒரு ஃபைலத் திறக்காதப்பகூட.

இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்குற விஷயம். ராம்ங்கிறது கடை கவுன்ட்டர் மாதிரி, டிஸ்க்குங்கிறது மேல இருக்குற பரண். கவுன்ட்டர்ல எடம் பத்தலேன்னா விண்டோஸ் கொஞ்ச சாமானத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, வேணும்கிறப்ப ஏறி எடுக்கும். அந்தப் பரண் ஹார்ட் டிஸ்க்கா இருந்தா ஏணி வச்சு ஏறுற கதைதான். நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துற (7200 ஆர்பிஎம்) டிஸ்க்குல தட்டு ஒரு சுத்து சுத்தவே 8.3 மில்லி செகண்ட் ஆகும், அதோட அந்த ஊசிக் கை நகர்ற நேரமும் சேந்தா, அங்கங்க செதறிக் கிடக்குற சின்னச் சின்ன ஃபைல ஒரு செகண்டுக்கு நூறு கூட ஒழுங்கா எடுக்க முடியாது. எஸ்எஸ்டிங்கிறது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா போடுற, சிப்புலயே சேமிச்சு வைக்கிற டிஸ்க்கு, அதுல தட்டும் இல்ல, கையும் இல்ல, ஆயிரக்கணக்குல எடுக்கும். விண்டோஸ் ஆரம்பிக்கிறதே ஆயிரக்கணக்கான சின்ன ஃபைலப் படிக்கிற வேலைதான், அதான் எஸ்எஸ்டி போட்ட உடனே அவ்ளோ வித்தியாசம் தெரியுது.

அதனால என் கணக்கு இதுதான்: கைல காசு கொஞ்சமா இருந்தா மொதல்ல எஸ்எஸ்டி, அப்புறம் ராம். 4 ஜிபிலயும் எஸ்எஸ்டியோட சமாளிச்சிரலாம், 16 ஜிபி ராம் போட்டு பழைய ஹார்ட் டிஸ்க்குலயே ஓட்டுனா காலைல அந்த டீ டைம் கொறையவே கொறையாது. 2025 கடைசிலருந்து ராம் வெல வேற எகிறிப்போச்சு, ஏஐ சர்வர்களுக்கே எல்லாச் சிப்பும் போகுதுன்னு, அதனாலயும் தேவைக்கு மேல ராம் வாங்கிக் குமிக்காதீங்க. ஆபீஸ் வேலை, பிரவுசிங், டைப்பிங்னா 8 ஜிபி போதும். ஃபோட்டோஷாப்புல ஆல்பம் டிசைன் பண்றவங்களுக்கு 16. அதுக்கு மேல வேணும்ங்கிறவங்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

வாங்குறதுக்கு முன்னாடி இன்னொரு உண்மையையும் சொல்லிடணும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 முறைப்படி போடணும்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாச்சும் இருக்கணும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். நாலாவது ஜெனரேஷன்ல எவ்ளோ ராம் போட்டாலும் அது மாறாது. சித்தப்பாவுக்கு இதச் சொன்னேன், "பேஜ்மேக்கர் ஓடுனாச் சரி"ன்னுட்டாரு. நெட் பேங்கிங்கெல்லாம் அதுல பண்ணாதீங்கன்னு மட்டும் சொல்லி வச்சேன்.

உங்க மெஷின்ல என்ன எறங்கும்னு கண்டுபிடிக்கிறது

இதுதான் முக்கால்வாசி வேலை. ஸ்குரூ முடுக்குறதெல்லாம் பத்து நிமிஷம்.

டாஸ்க் மேனேஜர்ல மெமரிய கிளிக் பண்ணா ஸ்பீடு, எத்தன ஸ்லாட்டு இருக்கு, எத்தன நெறஞ்சிருக்குன்னு காட்டும். அதுக்கு மேல தெரிஞ்சுக்க சிபியு-இசட்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதப் போடுங்க. மெயின்போர்டு டேபுல மதர்போர்டு மாடல் வரும், எஸ்பிடி டேபுல ஒவ்வொரு ஸ்லாட்டுலயும் எந்த கம்பெனி ராம், எத்தன ஜிபி, என்ன வகைன்னு வரும். அந்த மதர்போர்டு மாடல கம்பெனி சைட்டுல தேடுனா அதிகபட்சம் எவ்ளோ ராம் தாங்கும்னு போட்டிருப்பான். எச்81ல ரெண்டு ஸ்லாட்டு, மொத்தம் 16 ஜிபி, அதாவது ஒரு ஸ்லாட்டுக்கு 8.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 இதுல ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு எறங்காது, அந்த நடுவுல இருக்குற வெட்டு ஒவ்வொண்ணுலயும் வேற எடத்துல இருக்கும். டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் ரெண்டுக்குமே 288 பின்தான், பாக்கவும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா எறங்காது, அமுக்கி எறக்கப் பாத்தா ஸ்லாட்டு போயிடும். மேலோட்டமாச் சொன்னா இன்டெல்ல நாலாவது ஜெனரேஷன் டெஸ்க்டாப்பு வரைக்கும் டிடிஆர்3, ஆறாவதுல பெரும்பாலும் டிடிஆர்4, சிலதுல டிடிஆர்3எல். அதனால ஜெனரேஷன மட்டும் வச்சு வாங்காதீங்க, உள்ள இருக்குற ஸ்டிக்க வெளிய எடுத்து அதுல ஒட்டியிருக்குற லேபிள மொபைல்ல போட்டோ எடுத்துக்கிட்டுப் போங்க. பிசி3ன்னு எழுதியிருந்தா டிடிஆர்3, பிசி3எல்னா 1.35 வோல்ட்ல ஓடுற டிடிஆர்3எல், பிசி4ன்னா டிடிஆர்4.

லேப்டாப் ராம் வேற, டெஸ்க்டாப் ராம் வேற. டெஸ்க்டாப்புது ஒரு சாண் இல்லேன்னாலும் 13 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், லேப்டாப்புது அதுல பாதி. ஆனா ஆபீஸ்ல மானிட்டருக்குப் பின்னாடி மாட்டி வைக்கிற அந்தக் குட்டி டப்பா மெஷின்கள்ல லேப்டாப் ராம்தான் போடுவாங்க, டெஸ்க்டாப்புன்னு பேரு இருக்கேன்னு ஏமாந்துறாதீங்க.

இங்க நான் பட்ட அவஸ்தையச் சொல்லிர்றேன். எனக்கு வேணும்னது 8 ஜிபி டிடிஆர்3 ஒரே ஒரு ஸ்டிக். ஆன்லைன்ல ஒருத்தன் மத்தவங்கள விட கிட்டத்தட்ட பாதி வெலைல போட்டிருந்தான், ஸ்பீடு சரி, பின் சரி, ஸ்டார் ரேட்டிங் சரி. வந்துச்சு, மாட்டுனேன், ஸ்கிரீன் கருப்பு. மூணு தடவ கழட்டி மாட்டுனேன், ஸ்லாட்டு மாத்துனேன், ரப்பர் போட்டுத் தேச்சேன், ஒண்ணுக்கும் அசையல. அப்புறம்தான் அந்த லிஸ்டிங்க மறுபடி பொறுமையாப் படிச்சா, கடைசிக்கு மொத வரில "ஏஎம்டிக்கு மட்டும்"னு பொடி எழுத்துல இருக்கு. சர்வர்ல போடுற மாதிரி நாலு பிட் அகலச் சிப்ப வச்சு செஞ்ச ஸ்டிக் அது, இன்டெல் டெஸ்க்டாப்பு எட்டு பிட், பதினாறு பிட் சிப்பத்தான் ஏத்துக்கும். டிடிஆர்3 வாங்குறப்ப வெல ரொம்ப மலிவா இருந்தா அந்த வார்த்தையத் தேடிப் பாருங்க. திருப்பி அனுப்பி காசு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு, கடைசில சென்னை போறப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய சாமான் கடைலதான் ஒண்ணு வாங்குனேன், அங்கயே ஒரு போர்டுல மாட்டி டிஸ்ப்ளே வர்றதக் காட்டித்தான் குடுத்தாங்க.

செகண்ட்ஹேண்ட் ராம் வாங்கலாம், தப்பே இல்ல, ராம் அவ்ளோ சுலபத்துல தேயாது. எஸ்எஸ்டிய மட்டும் செகண்ட்ஹேண்டுல வாங்காதீங்க, அது எழுத எழுதத் தேயுற பொருள்.

ஒரு விஷயம் மறந்துட்டேன், உங்க விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டான்னு பாத்துக்குங்க, செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுல அபவுட். 32 பிட்டுன்னா 4 ஜிபிக்கு மேல எவ்ளோ போட்டாலும் அதுக்குக் கண்ணு தெரியாது, அந்த 4லயும் மூணேகால், மூணரைதான் கைக்கு வரும். பழைய பிரிண்டர் டிரைவருக்காக 32 பிட்டே வச்சிருக்குற கடைங்க இன்னும் இருக்கு. அவங்க ராமுக்குச் செலவு பண்றது தண்டம்.

எந்த எஸ்எஸ்டி

பழைய போர்டுன்னா 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி, வேற யோசனையே வேணாம். சாட்டாங்கிறது டிஸ்க்க மதர்போர்டோட இணைக்கிற கனெக்டர் வகை. ஏற்கனவே ஹார்ட் டிஸ்க்குக்குப் போற அதே மாதிரி கேபிள்தான் இதுக்கும். நல்ல சாட்டா போர்ட்டுல செகண்டுக்கு 550 எம்பி வரைக்கும் போகும், எச்61 மாதிரி இன்னும் பழைய போர்டுல சாட்டா 2தான், அதுல பாதிதான் வரும், ஆனா அதுலயும் ஹார்ட் டிஸ்க்க விட பல மடங்கு வேகம் தெரியும், ஏன்னா நமக்கு வேணும்னது அந்தச் சின்ன ஃபைல் வேகம்தான்.

கொஞ்சம் புது போர்டுன்னா எம்.2 ஸ்லாட்டு இருக்கும், சூயிங்கம் பட்டை மாதிரி ஒல்லியா ஒரு கார்டு படுத்த மாதிரி மாட்டுற எடம். 2280ன்னு போட்டிருந்தா 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்னு அர்த்தம். இதுல ஒரு குழப்பம் என்னன்னா எம்.2ங்கிறது வடிவம் மட்டும்தான், உள்ள சாட்டாவும் இருக்கலாம், அத விட வேகமான என்விஎம்இங்கிற வகையும் இருக்கலாம், உங்க ஸ்லாட்டு எத எடுக்கும்னு மேனுவல்ல பாத்துட்டுத்தான் வாங்கணும். சில போர்டுல எம்.2ல ஒண்ணு போட்டா சாட்டா போர்ட்டு ஒண்ணு செத்துப்போயிடும், புதுசு மாட்டுனதும் பழைய டிஸ்க்கக் காணோமேன்னு பதறாதீங்க, கேபிள வேற போர்ட்டுக்கு மாத்துங்க. பழைய போர்டுல அடாப்டர் கார்டு வச்சு என்விஎம்இ போடலாம்னு வீடியோல காட்டுவாங்க, டேட்டா வைக்க ஆகும், ஆனா அதுலருந்து விண்டோஸ் பூட் ஆகணும்னா பயாஸ் (ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற, மதர்போர்டுலயே இருக்குற சாஃப்ட்வேர்) ஒத்துழைக்கணும், பெரும்பாலும் ஒத்துழைக்காது.

அளவு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. பழைய ஹார்ட் டிஸ்க்க அப்படியே குளோன் (விண்டோஸோட சேத்து மொத்தத்துக்கும் அச்சு அசல் நகல்) எடுக்கப் போறீங்கன்னா, 500 ஜிபி டிஸ்க்குக்கு 500 ஜிபி எஸ்எஸ்டியே வாங்குங்க, 480 வாங்காதீங்க. வெலைல பெருசா வித்தியாசம் இருக்காது, ஆனா குளோன் பண்ற சாஃப்ட்வேர் பலதும் சின்ன டிஸ்க்குக்கு மாத்த மாட்டேன்னு அடம் புடிக்கும், நீங்க பார்ட்டிஷனச் சுருக்கி, அதுக்கு மல்லுக்கட்டி, அரை நாள் போயிடும்.

எஸ்எஸ்டி டப்பாவுக்குள்ள சாட்டா கேபிள் பெரும்பாலும் வராது! ஞாயித்துக்கெழம கடையெல்லாம் மூடுனப்புறம் இது ஞாபகம் வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு சாட்டா டேட்டா கேபிள் தனியா வாங்கிக்குங்க. அப்புறம் பவர் சப்ளைலருந்து வர்ற கத்தைல சாட்டா பவர் முனை ஒண்ணு சும்மா தொங்குதான்னு கேபினட்டத் தொறந்து பாத்துக்குங்க, இல்லேன்னா ஸ்பிளிட்டர் வேணும். பழைய நாலு பின் வெள்ளை கனெக்டர்லருந்து சாட்டாவுக்கு மாத்துற அடாப்டர்ல, முனை முழுசா பிளாஸ்டிக்கா வார்த்தெடுத்த மாதிரி இருக்குற மலிவு வகைய வாங்காதீங்க, உள்ள கம்பி ஒண்ணோட ஒண்ணு உரசி உருகிப்போன கதை நெறைய உண்டு. கம்பி ஒவ்வொண்ணும் தனித்தனியா உள்ள போறது கண்ணுக்குத் தெரியுற வகைதான் நல்லது. கம்பெனி ஆபீஸ் மெஷின்கள் சிலதுல பவர் சப்ளைலருந்து நேரா வராம மதர்போர்டுலருந்து டிஸ்க்குக்குப் பவர் போகும், அதுக்குக் கேபிளே தனி, அதையும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போங்க.

தொறந்து மாட்டுறது

மொதல்ல முக்கியமான ஃபைல் எல்லாத்தையும் வெளிய ஒரு பென் டிரைவுலயோ எக்ஸ்டர்னல் டிஸ்க்குலயோ காப்பி எடுத்துருங்க. குளோன் பண்ணத்தானே போறோம்னு இதத் தாண்டாதீங்க. கூடவே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர்ல பழைய டிஸ்க்கோட உடம்பப் பாருங்க, நீலத்துல குட்னு வந்தா சரி, மஞ்சள் வந்தா டிஸ்க்கு படுக்கத் தயாராயிருச்சுன்னு அர்த்தம், அன்னைக்கே டேட்டாவ எடுத்துருங்க.

ஷட் டவுன் பண்ணுங்க, சுவிட்ச் போர்டுல அணைங்க, பவர் கார்டப் பின்னாடிலருந்து உருவுங்க. உருவுனப்புறம் பவர் பட்டன ஒரு அஞ்சு செகண்ட் அமுக்கிப் புடிங்க, உள்ள தேங்கி இருக்குற கரென்ட்டு போயிடும். கேபினட்ட மேஜை மேல படுக்க வைங்க. முன்னாடிலருந்து பாத்தா எடது பக்கத் தகடு, பின்னாடி ரெண்டு ஸ்குரூ, பின்பக்கமா இழுத்தா வந்துடும்.

சித்தப்பா மெஷினத் தொறந்தப்ப உள்ள போர்வை போட்ட மாதிரி தூசி, ஜெராக்ஸ் டோனர் பொடியும் சேந்து கருப்பா, பவர் சப்ளை ஓரத்துல ரெண்டு பல்லி முட்டை ஓடு. வெளிய திண்ணைக்குத் தூக்கிட்டுப் போய் புளோயர் அடிச்சோம். அடிக்கிறப்ப ஃபேன் இறக்கைய ஒரு வெரலால புடிச்சுக்குங்க, காத்துல கிறுகிறுன்னு சுத்த விட்டா ஃபேன் கெட்டுப்போகும். ஈரத் துணி, வீட்டுல தரை தொடைக்கிற வாக்குவம் இதெல்லாம் உள்ள விடாதீங்க.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி கேபினட்டோட பெயின்ட் இல்லாத இரும்பு எடத்த ஒரு தடவ தொட்டுக்குங்க, நடுநடுவுலயும் தொட்டுக்குங்க. நம்ம உடம்புல இருக்குற ஸ்டேட்டிக் கரென்ட்டு நமக்கே தெரியாம சிப்ப அடிச்சிரும், அதுக்குத்தான். ராம எடுக்குறப்ப ரெண்டு ஓரத்தையும் புடிங்க, அந்தத் தங்கக் கலர் பல்லுல வெரல் படக்கூடாது.

ராம் மாட்டுறது: ஸ்லாட்டோட ரெண்டு முனைலயும் இருக்குற கிளிப்ப வெளிப்பக்கமா மடக்குங்க, சில போர்டுல ஒரு பக்கம் மட்டும்தான் மடங்கும். ஸ்டிக்குல இருக்குற வெட்டும் ஸ்லாட்டுல இருக்குற மேடும் ஒண்ணுக்கொண்ணு நேரா வருதான்னு பாத்து, ரெண்டு கட்டை வெரலையும் ரெண்டு ஓரத்துல வச்சு, சமமா, நேரா அமுக்குங்க. இங்கதான் புதுசா செய்றவங்க பயந்துடுவாங்க, ஏன்னா நெசமாவே அழுத்தம் குடுக்கணும், போர்டே லேசா வளையுற மாதிரி தெரியும். டக், டக்னு கிளிப்பு ரெண்டும் தானா மேல வந்து பூட்டணும். கிளிப்ப நீங்க கையால தள்ளி மூடுறீங்கன்னா ஸ்டிக் முழுசா எறங்கலைன்னு அர்த்தம்.

நாலு ஸ்லாட்டு இருக்குற போர்டுல ரெண்டு ஸ்டிக் போடுறீங்கன்னா பெரும்பாலும் பிராசஸர் பக்கத்துலருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடணும், அப்பத்தான் டூயல் சேனல்ல, அதாவது ரெண்டும் ஜோடியா சேந்து வேகமா ஓடும், மேனுவல்லயும் ஒரு தடவ பாத்துக்குங்க. ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. நாங்க ஏற்கனவே இருந்த 4 ஜிபிய வச்சுக்கிட்டே 8 போட்டு 12 ஆக்குனோம், அதுல 4க்கு 4 ஜோடியா ஓடும், மிச்சம் 4 தனியா ஓடும். வேகம் வேற வேறயா இருந்தா ரெண்டும் மெதுவானதோட வேகத்துக்கு எறங்கி வந்துடும், அவ்ளோதான்.

எஸ்எஸ்டிக்கு கேபினட்டுல எடம் தேடாதீங்க, பழைய கேபினட்டுல எல்லாம் 3.5 இஞ்ச் டிஸ்க்குக்குத்தான் தட்டு இருக்கும். ஒரு பிராக்கெட் வாங்கிக்கலாம், இல்லேன்னா ஒரு பக்கம் மட்டும் ரெண்டு ஸ்குரூ போட்டாக்கூடப் போதும், உள்ள சுத்துற பொருள் எதுவும் இல்ல, ஆடுனாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஹார்ட் டிஸ்க் ஸ்குரூவ எஸ்எஸ்டில போடாதீங்க, அது தடிமன் ஜாஸ்தி, மரை போயிடும். சாட்டா கேபிள் முனை எல் ஷேப்புல இருக்கும், திருப்பிப் போட முடியாது, எறங்கலைன்னா திருப்பிப் பாருங்க, அழுத்தாதீங்க. மதர்போர்டுல வேகமான போர்ட்டு எதுன்னு பக்கத்துலயே பொடி எழுத்துல இருக்கும், எச்81ல நாலுல ரெண்டுதான் 6 ஜிபிட், அதுல ஒண்ணுல எஸ்எஸ்டிய மாட்டுங்க. எம்.2ன்னா சாய்வா உள்ள விட்டு, கீழ படுக்க வச்சு, கடைசில ஒரு குட்டி ஸ்குரூ. அந்தக் குட்டி ஸ்குரூ மதர்போர்டு வந்த டப்பாலதான் இருக்கும், அந்த டப்பாவ யாரு வச்சிருக்கா!

தகட மூடாம அப்படியே ஆன் பண்ணிப் பாருங்க. மொதத் தடவ ஸ்கிரீன் வர கொஞ்சம் லேட் ஆகலாம், ரெண்டு தடவ தானா ஆஃப் ஆகி ஆன் ஆகலாம், புது ராமப் பழக்கப்படுத்திக்குது. ஒரு நிமிஷத்துக்கு மேல கருப்பா இருந்தாலோ பீப் பீப்னு கத்துனாலோ, பத்துக்கு ஒம்போது தடவ ராம் சரியா எறங்கலைன்னு அர்த்தம். பவர அணைச்சு, கார்ட உருவி, ஸ்டிக்கக் கழட்டி, அந்தத் தங்கப் பல்ல ஸ்கூல் பசங்க ரப்பரால லேசா தேச்சு, தூள ஊதிட்டு, மறுபடி மாட்டுங்க. அப்பவும் வரலேன்னா ஒரே ஒரு ஸ்டிக்க மட்டும் போட்டு மாத்தி மாத்திப் பாருங்க, எது கோளாறுன்னு தெரிஞ்சிரும்.

விண்டோஸ மாத்துறது: குளோனா, புதுசா?

நல்ல வழி எதுன்னு கேட்டா, பென் டிரைவுலருந்து விண்டோஸப் புதுசா போடுறதுதான். ஆனா டிடிபி கடைல அது நடக்காது. பழைய பேஜ்மேக்கர், எங்கருந்து வந்துச்சுன்னே தெரியாத நூறு தமிழ் ஃபான்ட்டு, பாமினிங்கிற பழைய ஃபான்ட்டுல அடிச்ச பத்து வருஷப் பத்திரிகை, சிடியே இல்லாத பிரிண்டர் டிரைவரு, இதெல்லாம் மறுபடி ஏத்த ஆரம்பிச்சா ஒரு வாரம் கடைய மூடணும். அதனால குளோன்.

நான் பயன்படுத்துனது குளோன்சில்லா, ஃப்ரீ. பாக்க அழகா இருக்காது, நீல ஸ்கிரீன்ல எழுத்துதான், ஆனா வேல செய்யும். வேற கம்ப்யூட்டர்ல அத டவுன்லோடு பண்ணி ரூஃபஸ்ங்கிற ஃப்ரீ சாஃப்ட்வேர வச்சு, பூட் ஆகுற மாதிரி ஒரு பென் டிரைவுல எழுதிக்குங்க. விண்டோஸ கடைசியா மூடுறப்ப ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே ஷட் டவுன் கொடுங்க, இல்லேன்னா விண்டோஸ் பாதி தூக்கத்துல இருக்கும், குளோன்சில்லா அதத் தொட மாட்டேன்னுடும். அப்புறம் ஆன் பண்றப்ப டெலீட்டோ எஃப்12ஓ எஃப்11ஓ, மெஷினுக்கு மெஷின் மாறும், அத அமுக்கி பென் டிரைவுலருந்து பூட் பண்ணுங்க. டிவைஸ்-டிவைஸ், அப்புறம் டிஸ்க்-டு-லோக்கல்-டிஸ்க்.

இப்ப ஒரு நிமிஷம் கைய எடுங்க. எங்கருந்து, எங்கன்னு அது கேக்கும், மாத்திக் குடுத்தீங்கன்னா காலி எஸ்எஸ்டி உங்க டேட்டா மேல எழுதப்படும், அவ்ளோதான், போச்சு. ரெண்டும் 500 ஜிபின்னு வேற நானே வாங்கச் சொல்லிட்டேன், அதனால அளவ வச்சு அடையாளம் தெரியாது, பேர வச்சுத்தான் தெரியும். மாட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டோட லேபிளையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, ஸ்கிரீன்ல வர்ற மாடல் நம்பரோட எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. நான் சித்தப்பாவ சத்தமா வாசிக்கச் சொல்லி, நான் ஸ்கிரீன்ல சரிபாத்தேன், ரேஷன் கடைல பேரு கூப்பிடுற மாதிரி. அதுக்கப்புறம் ஒய் அடிச்சா அது பாட்டுக்கு ஓடும், எங்களுக்கு 120 ஜிபி டேட்டாவுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. நடுவுல கரென்ட்டு போகாம இருக்க யுபிஎஸ்ல வச்சு செய்ங்க.

முடிஞ்சதும் ஆஃப் பண்ணி, பழைய ஹார்ட் டிஸ்க்கோட கேபிளக் கழட்டிட்டு, எஸ்எஸ்டி மட்டும் இருக்குற மாதிரி ஆன் பண்ணுங்க. இது முக்கியம். ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்குறதால, சேத்து விட்டா எதுலருந்து பூட் ஆகுதுன்னே தெரியாது. பயாஸ்ல லெகசி, யூஇஎஃப்ஐன்னு இருக்குறத நோண்டாதீங்க, பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே விடுங்க. பயாஸ் டிஸ்க்கோட பேசுற விதத்தச் சொல்ற சாட்டா மோடு, பழைய ஐடிஇன்னு இருந்தா புதுசான ஏஎச்சிஐக்கு மாத்துறது நல்லது, ஆனா எடுத்த எடுப்புல மாத்துனா நீல ஸ்கிரீன் வரும். மொதல்ல விண்டோஸ்ல சிஸ்டம் கான்ஃபிகரேஷன் போய் சேஃப் பூட் டிக் பண்ணி ரீஸ்டார்ட் கொடுத்து, அந்த ரீஸ்டார்ட்லயே பயாஸ்ல மாத்தி, சேஃப் மோடுல ஒரு தடவ வந்துட்டு, டிக்க எடுத்துருங்க.

பூட் ஆனதும் டாஸ்க் மேனேஜர்ல மெமரி 12ன்னு காட்டுதான்னு பாருங்க. 500 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸ்ல 465னுதான் காட்டும், ஏமாத்திட்டான்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க, கம்பெனி ஆயிரத்தால கணக்கு போடுறான், விண்டோஸ் 1024ஆல போடுது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல புது எஸ்எஸ்டி எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல காட்டுனா அது புதுசு இல்ல, அதுக்கு மட்டும் சண்டைக்குப் போகலாம். ராமுக்கு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஒரு தடவ ஓட்டுங்க, முடிஞ்சா மெம்டெஸ்ட்86 ராத்திரி பூரா ஓட விடுங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ஸ்டிக்கத் திருப்பிக் குடுத்துருங்க. எஸ்எஸ்டிய டிஃபிராக் (செதறிக் கிடக்குற ஃபைலத் துண்டுகள ஒண்ணா அடுக்குறது) பண்ணணுமான்னு கேப்பீங்க, வேணாம், விண்டோஸே அதுக்கு வேணும்னதப் பாத்துக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க்க உடனே அழிச்சிராதீங்க. அன்னைக்குத் தேதிய மார்க்கர்ல அது மேல எழுதி ஒரு மாசம் பீரோல வைங்க, ஏதாச்சும் ஃபான்ட்டு காணோம், ஃபைலு காணோம்னு அதுக்குள்ள தெரிஞ்சிரும். மாசம் கழிச்சு திரும்ப மாட்டி, ஸ்டார்ட்ட ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் போனீங்கன்னா அந்த டிஸ்க்கு ஆஃப்லைன்னு காட்டலாம், ஒரே அடையாள நம்பர் ரெண்டு டிஸ்க்குக்கும் இருக்குறதால விண்டோஸ் ஒண்ண ஒதுக்கி வைக்கும், ஆன்லைன் கொடுங்க. எது எஸ்எஸ்டி எது ஹார்ட் டிஸ்க்குன்னு மறுபடி ஒரு தடவ பேர வச்சுப் பாத்துட்டு, பழசுல இருக்குற பார்ட்டிஷன அழிச்சு, நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், டி டிரைவ்னு பேரு. சித்தப்பா அதுல இப்ப 2014லருந்து அடிச்ச கல்யாணப் பத்திரிகையெல்லாம் வருஷவாரியா ஃபோல்டர் போட்டு வச்சிருக்காரு, அந்த டிஸ்க்குலயும் காப்பி, வீட்டுல ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்குலயும் காப்பி.